என் சமையலறையில் எடுத்த படம்

மட்டாஞ்சேரி
12.1.2026

தங்கச்சி ஹஸீபாவுக்கு,

ஸலாம். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ "சரிக்கா, சரிக்கா" என்றே என்னைச் சரிக்கட்டிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

பஜார் ரோட்டுக் கிடங்கில் நடக்கும் கண்காட்சியில் உன் படங்களை மாட்டியிருக்கிறார்கள் என்றதும், தங்கச்சி பேர் எடுத்துவிட்டாளே என்று பக்கத்து வீட்டுப் பெண்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போனேன். இறால் உரிக்கும் பிள்ளைகள், செங்கல் சுமக்கும் பிள்ளைகள் என்று பார்த்துக்கொண்டே வந்தால், கடைசிச் சுவரில் என் சமையலறை! என் தொட்டி, என் பாத்திரம், அதைத் தேய்க்கும் செல்வியின் கை. மானம் போயிற்று.

செல்வியை நான் வேலைக்கா வைத்திருக்கிறேன்? அவள் அம்மா வசந்தி காய்கறி விற்கச் சந்தைக்குப் போகும்போது இங்கே விட்டுப்போகிறாள். எனக்கு முட்டிவலி என்று கூடமாட உதவுகிறாள். நாங்கள் தின்பதைத்தான் அவளும் தின்கிறாள். வீட்டுப் பிள்ளை மாதிரி. அந்தப் படத்தை உடனே எடுக்கச் சொல்.

உன் அக்கா,
மெஹருன்னிசா

சென்னை
19.1.2026

அன்புள்ள அக்காவுக்கு,

முட்டிக்கு எண்ணெய் போடுகிறாயா? என்மேல் இருக்கிற கோபத்தில் அதை மறந்துவிடாதே.

படத்தில் முகமே இல்லை. அது மட்டாஞ்சேரியா மதுரையா என்றுகூட யாருக்கும் தெரியாது. செப்டம்பரில் உன்னிடம் வந்து தங்கியபோது எடுத்தேன். செல்வியிடமும் வசந்தியிடமும் கேட்டுத்தான் எடுத்தேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளை எழுப்பிவிட்டு நீயே தேய்க்க உட்கார்ந்திருப்பாய், படத்துக்கு மட்டும்.

பத்து வயது, அக்கா. அந்த வயதில் உன் மகள் சஃபானாவை ஒரு டம்ளர் கழுவ விட்டிருப்பாயா? 'மாதிரி' என்பதை எடுத்துவிட்டு ஒரு தடவை சொல்லிப் பார். படத்தைச் சுவரிலிருந்து எடுக்க மாட்டேன். ஆனால் பேசாமல் இருந்துவிடாதே. உம்மா போன பிறகு எனக்கு நீதான் இருக்கிறாய்.

ஹஸீ

மட்டாஞ்சேரி
27.1.2026

ஹஸீ,

யாருக்கும் தெரியாது என்கிறாய். எல்லோருக்கும் மதியத்துக்கென்று கொண்டுபோன பிரியாணிப் பாத்திரத்தைத் தூக்குவதற்கு நான் அன்று கூட்டிப்போனதே செல்வியைத்தான். முதல் கடிதத்தில் அதை எழுதக் கை வரவில்லை.

படத்தைக் கண்டதும் துள்ளினாள். "பெரியம்மா, இது என் கைல்லா! இந்தச் சூடு அன்னைக்கு அரிசிப் பத்திரி சுடும்போது பட்டதுல்லா!" அத்தனை பெண்களும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவளுக்கோ ஒரே சந்தோஷம். "கீழ என்ன எழுதிருக்கு? வாசிங்க பெரியம்மா" என்றாள். அவளுக்கு மலையாளம் வாசிக்க வராது. 'இந்நேரம் இவள் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும்' என்று எழுதியிருந்தாய்.

"கண்ணாடி எடுத்துட்டு வரலடி" என்றேன். கண்ணாடி என் மூக்கின்மேல் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டாள். 

உன் கடிதம் வந்த மறுநாள் வசந்தியோடு போய் அவளைப் பள்ளியில் சேர்த்துவிட்டேன். பாதி வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே என்று முனகினாலும் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது பாத்திரம் தேய்ப்பது நானும் உன் மச்சானும்தான். அவர் தேய்ப்பதைவிடப் பேச்சுதான் அதிகம்.

உன்மேல் கோபம் இன்னும் தீரவில்லை. என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கண்காட்சி முடிந்ததும் அந்தப் படத்தை எனக்கு அனுப்பு. கீழே எழுதியதை வெட்டிவிடாதே. மலையாளம் எழுத்துக்கூட்டத் தெரிந்ததும் அவளே வாசிக்கட்டும். நான் பக்கத்தில் நிற்பேன்.

அக்கா