முதல் வரியில் உங்கள் பெயர்

குயா,

இன்று காலை எங்கள் தெருக்காரர்கள் நாலு பேர் ஒரு மனுவோடு வந்தார்கள். ஆற்றில் மணல் அள்ளும் லாரிகளை நிறுத்தச் சொல்லி, திங்கட்கிழமை கலெக்டரிடம் கொடுக்கப்போகும் மனு. இரண்டாம் எண்ணிலிருந்து கையெழுத்துகள் விழுந்திருந்தன. ஒன்று என்று போட்ட இடம் மட்டும் காலி. "பெரியவங்க நீங்க மொதல்ல போட்டாத்தான் அதுக்கு ஒரு மதிப்பு" என்றார் மளிகைக் கடைக்காரர். பேனாவை வாங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டேன். அந்தக் காகிதத்தை எதிரில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நீங்கள் போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. இனி எழுதி என்ன என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றுகிறது.

எழுபதுகளின் நடுவில் துபாயில், கட்டடக் கம்பெனியில் நமக்குக் கிடைத்த டைம் ஆபீஸ் நினைவிருக்கிறதா? ஒரு தகரக் கொட்டகை, இரண்டு மேசை. நான் அறந்தாங்கியிலிருந்து ஹையர் பாஸ் செய்துவிட்டு வந்த டைப்பிஸ்ட். நீங்கள் எதிர் மேசையில் ஆட்களின் வருகையைப் பதிகிற கிளார்க். சார் என்று கூப்பிட்டேன். வேண்டாம், குயா என்று சொல், எங்கள் மொழியில் அண்ணன் என்றீர்கள். உங்களுக்கு என்னைவிடப் பதினைந்து வயதாவது கூட இருக்கும்.

நீங்கள் வந்த ஒரு மாதத்துக்குள், கேம்ப்பில் எங்கள் பிளாக்கில் இருந்த நாற்பது பேரின் பெயரும் உங்களுக்கு அத்துப்படி. யாருடைய அப்பா பெயர் என்ன, யார் வீட்டில் பிரசவம், யாருக்கு முதுகு வலி என்பதெல்லாம் தெரியும். "சாப்டாச்சா?" என்று தமிழில் கேட்டுக்கொண்டு அறை அறையாகப் போவீர்கள். சோழியன் குடுமி சும்மா ஆடுமா என்று எனக்குள் ஒரு சந்தேகம். ஒரு வெள்ளிக்கிழமை துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டுவிட்டேன். சிரித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னீர்கள்.

உங்கள் மாகாண சபையில் இரண்டு தடவை உறுப்பினராக இருந்திருக்கிறீர்கள். கரும்புத் தோட்டங்களும் மழையும் உள்ள மாகாணம். இரண்டு தடவையும் ஜெயித்தவர்களில் கடைசி இடம். ஒரு மரப்பாலம் கட்டினீர்கள், அது ஒரே வெள்ளத்தில் போனது, இரண்டாவதாகக் கட்டியது நின்றது. பிறகு நாட்டில் தேர்தலையே நிறுத்திவிட்டார்கள். சபையில் உங்களுக்குப் பக்கத்து நாற்காலிக்காரரைப் பட்டாளத்தார் கூட்டிக்கொண்டு போனதும், நீங்கள் வேலை விண்ணப்பத்தில் கிளார்க் என்று எழுதிக்கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிட்டீர்கள். "இது கம்பெனிக்குத் தெரிஞ்சா என்னைத் திருப்பி அனுப்பிடுவான். அங்க எறங்கினா என்னைப் பிடிச்சிடுவாங்க" என்றீர்கள் உடைந்த இந்தியில். இந்த உலகத்தில் நீங்கள் அதைச் சொன்ன ஒரே ஆள் நான்.

அந்த வருஷம்தான் மாணிக்கம் சாரத்திலிருந்து விழுந்து செத்தான். அவன் அண்ணன் சுப்பையாவும் நம் கேம்ப்தான். உடல் மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் கிடந்தது. எப்போது கேட்டாலும் ஆபீஸில் புக்ரா, புக்ரா. நாளைக்கு, நாளைக்கு. இங்கேயே அடக்கம் செய்துவிடப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. நீங்கள் டியூட்டி முடிந்ததும் தினமும் சுப்பையாவின் கட்டிலில் போய்ப் பேசாமல் உட்கார்ந்திருப்பீர்கள். எதற்கு இது என்று கேட்டேன். சாவு வீட்டில் உட்காராதவனுக்கு எங்கள் ஊரில் ஓட்டு விழாது என்றீர்கள். இங்கே யார் உங்களுக்கு ஓட்டுப் போடப்போகிறார்கள் என்றதற்கு, பழகிவிட்டது என்றீர்கள்.

சுப்பையா ஒருநாள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டான். "எங்க ஆத்தாவுக்கு மொகத்தக் காட்டணும்ங்க. இல்லாட்டி அது சாகுற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடக்கும்." நான் மொழிபெயர்த்தேன். மறுநாள் மனு எழுதலாம் என்றீர்கள்.

நீங்கள் செய்த முறையை இன்றைக்கும் மறக்கவில்லை. வாசகத்தை எழுதிவிட்டு, அடியில் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து ஒரு வட்டம் போட்டீர்கள். வட்டத்தைச் சுற்றி எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். கரும்புத் தோட்டத்து ஆட்கள் முதலாளிக்கு எழுதும்போது அப்படித்தான் செய்வார்களாம். யார் முதல், யார் கடைசி என்று எவனும் கண்டுபிடிக்க முடியாது. நாற்பது பேரும் போட்டார்கள். என்னிடம் கொடுத்து, மேலே உள்ளதை மட்டும் டைப் அடித்து இந்தத் தாளோடு சேர்த்து வை என்று சொல்லிவிட்டு சைட்டுக்குப் போனீர்கள்.

எனக்கு அந்த வட்டத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. பிள்ளை விளையாட்டுப் போல ஒரு தாளை மேனேஜரிடம் நீட்டுவதா? எங்கள் பக்கம் வார்டு மெம்பரின் லெட்டர் பேடு போனாலே பைல் நகரும். கல்யாணப் பத்திரிகையிலிருந்து காதுகுத்து வரை பெரியவர் பெயரைப் பட்டத்தோடு தலைப்பில் போட்டால்தான் எங்களுக்குத் திருப்தி. மரியாதை செய்கிறோம் என்ற நினைப்பு. வட்டத்தை எடுத்து வைத்துவிட்டுப் புதிதாக அடித்தேன். எண் போட்டு வரிசையாகப் பெயர்கள். ஒன்றாவதாக உங்கள் பெயர். அதற்குப் பக்கத்தில், முன்னாள் மாகாண சபை உறுப்பினர். நீங்கள் என்னிடம் மட்டும் சொன்னதைத்தான் அடிக்கிறேன் என்று அப்போது உறைக்கவில்லை, அல்லது உறைக்காததுபோல் இருந்துவிட்டேன். என் பெயரைப் பதினேழாவதாகப் போட்டேன். ஏன் பதினேழு? இந்தக் கேள்வியை நான் என்னிடமே பலமுறை கேட்டிருக்கிறேன். மரியாதைதான் காரணமென்றால் என் பெயர் இரண்டாவதாக வந்திருக்க வேண்டாமா?

நீங்கள் திரும்பி வருவதற்குள் எல்லோரிடமும் மறுபடி கையெழுத்து வாங்கிவிட்டேன். நீங்கள் தாளை வாங்கி முதல் வரியை இரண்டு தடவை படித்தீர்கள். வேறு அடிக்கட்டுமா என்றேன். மூன்றாம் தடவை கேட்டால் பாதிப் பேர் பயந்து ஒதுங்கிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு, முதல் வரியில் கையெழுத்துப் போட்டீர்கள்.

நான்கு நாளில் மாணிக்கத்தின் உடலோடு சுப்பையா ஊருக்குப் போனான். ஐந்தாம் நாள் மேனேஜர் நம் இருவரையும் கூப்பிட்டார். உங்களிடம், அரசியல்வாதிக்கு இங்கே வேலை இல்லை, கலாஸ், முடிந்தது என்றார். அடுத்து என் பக்கம் திரும்பி, இதை எழுதியது யார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் சொன்னீர்கள். "நான் சொன்னேன், இவன் அடிச்சான். இவனுக்கு ஒண்ணும் தெரியாது." இல்லை என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். ஊரில் தங்கைக்கு நிச்சயம் ஆகியிருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கொட்டகையின் தரை எப்படி இருந்தது என்று கேட்டால் இன்றைக்கும் படம் போட்டுக் காட்டுவேன்.

பிக்கப் வண்டியில் உங்கள் பெட்டியை ஏற்றும்போது அழுதுவிட்டேன். எல்லாம் என்னால்தான் என்றேன். நீங்கள் என் தோளைத் தட்டினீர்கள். "ரெண்டு எலெக்ஷன் நின்னேன். ரெண்டுலயும் கடைசி. இப்பத்தான் ஒரு லிஸ்ட்ல மொதல்ல வந்திருக்கேன், அழாத." கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, குயா. இப்போதும் வருவதில்லை.

இறங்கிய இடத்திலேயே உங்களைப் பிடித்தார்கள். பதினான்கு மாதம் உள்ளே இருந்தீர்கள் என்பதை நம் கம்பெனியில் இருந்த உங்கள் ஊர் ஸ்டோர்கீப்பர்தான் சொன்னார். காலம் மாறி, தேர்தல் வந்து, மறுபடி நின்று, மறுபடி கடைசி இடத்தில் ஜெயித்ததாக நீங்களே எழுதினீர்கள். நான் செய்ததைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. நீங்கள் திட்டியிருந்தால் நான் பதில் எழுதியிருப்பேன். பிறகு உங்கள் மகளிடமிருந்து ஒரே ஒரு அட்டை வந்தது. உங்கள் சாவு வீட்டில் ஒன்பது நாள் கூட்டம் குறையவில்லையாம். நீங்கள் யார் யார் வீட்டில் உட்கார்ந்தீர்களோ அவர்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். நான் வரவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்கிறது. மனுவுக்குத்தான் வருகிறார்கள். மணல்காரர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரு முழுக்கத் தெரியும். முதல் வரி ஏன் காலியாக வந்தது என்று எனக்கும் தெரியும். அந்த வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதோடு, தாளின் அடியில் என் கையாலேயே ஒரு வரி சேர்த்திருக்கிறேன். இந்த மனு நான் சொல்லி எழுதப்பட்டது, மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது.