நெல் தெய்வத்திடம் கேட்டது

என் அக்கா,

போன மாதம் வேலை விஷயமாக யப்பான் போய்வந்தேன். கியோட்டோவில் நெல்லுக்கென்று ஒரு தெய்வம், மிகப் பழைய கோவில். வாசலில் நெற்கதிரைக் கவ்வியபடி ஒரு நரிச் சிலை. உள்ளே சிவப்புத் தோரண வாசல்கள் ஒன்றன்பின் ஒன்றாக மலையேறிப் போகின்றன. நீங்களென்றால் ஒவ்வொன்றின் கீழும் சிலுவை போட்டுக்கொண்டு நடந்திருப்பீர்கள். நான் படம் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

உங்கள் மகள் டிலானி சாப்பிடுவதில்லை, அக்கா. இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் யப்பானில் தொடங்கினேன். உங்களை அடக்கம் செய்ததிலிருந்து அவள் சோறு தொடவில்லை. இப்போது ஒரு துண்டுப் பாணும் இல்லை. இங்கே ஒஸ்லோவில் வைத்தியர்கள் அவளை நிறுக்கிறார்கள், அன்பாகக் கதைக்கிறார்கள். நான் கட்டுரை கட்டுரையாக வாசிக்கிறேன். எதனாலும் ஒரு வாய் இறங்கவில்லை.

அந்த மலையில் ஒரு கல்விளக்கு உண்டு. வேண்டிக்கொண்டு அதன் தலைக்கல்லைத் தூக்கவேண்டும். நினைத்ததைவிட லேசாக இருந்தால் கேட்டது நடக்கும், பாரமாக இருந்தால் நடக்காது. கூட வந்த சுதா என் அலுவலகத்தில் வேலை செய்பவள், கோயம்புத்தூர்க்காரி. காதுக்குள் சொன்னாள்:

"ரொம்பக் கனமா இருக்கும்னு முதல்லயே நினைச்சுக்குங்க மேடம். அப்புறம் லேசாத்தான் தெரியும்."

"கடவுளையே சுத்தி ஏமாத்தச் சொல்லுறீரோ?"

நான் எதையும் நம்பாதவள், உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு மூட்டை அரிசியை மனதில் நினைத்துக்கொண்டேன். டிலானி ஒரு பிடி சாப்பிட வேண்டும் என்று மட்டும் கேட்டுவிட்டுத் தூக்கினேன். அதைவிடப் பாரமாக இருந்தது. வெறும் கல் என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன்.

வீட்டில் டிலானியிடம் மறைக்கவில்லை. நோர்வேக்காரர் மாதிரிக் கடவுளைக் கூப்பிட்டாள்.

"ஹெரெகூத், சின்னம்மா! நீங்களோ கும்பிட்டனீங்கள்? என்ன கேட்டனீங்கள்?"

"நீ சாப்பிடவேணும் எண்டு."

"கல்லு?"

"பாரம்."

சிரித்தாள். எவ்வளவு காலத்துக்குப் பிறகு! "சாமியே ஏலாதெண்டிட்டுது. பிறகேன் சோறு போட்டு வைக்கிறீங்கள்?"

"எனக்கு வேறை ஒண்டும் செய்யத் தெரியாது, பிள்ளை."

அவள் சாப்பிடவில்லை. ஆனால் வழமைபோல எழுந்து அறைக்குப் போகவுமில்லை. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே இருந்தாள்.

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? ஏசுவீர்களா, ஊட்டிவிடுவீர்களா? இதையெல்லாம் நீங்கள் உயிரோடு இருக்கும்போது நான் ஏன் கேட்டு வைக்கவில்லை?

அவளைச் சாப்பிட வைப்பேன் என்று உங்களுக்கு வாக்குத் தர என்னால் முடியாது. எந்த மாலையும் அவளை மேசையில் தனியே இருக்க விடமாட்டேன். அதை மட்டும் தருகிறேன்.

உங்கள் பிள்ளைக்குச் சின்னம்மாவாக மிஞ்சியிருக்கும்
உங்கள் தங்கச்சி