எட்டுக்கு நாலு குச்சி

இந்தத் தாள் யார் கையில் கிடைத்தாலும், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். எங்கள் அப்பாவிடம் காட்டவே காட்டாதீர்கள். இது எங்கள் அம்மாவுக்கு எழுதுவது. அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. இறந்தவர்களுக்கு எதற்குக் கடிதம் என்று கேட்காதீர்கள். வேறு யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அம்மா,

பேனா எடுக்க ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். உன் வாசனை வந்தது. ஸ்கேலுக்கு அடியில் அந்த நாலு குச்சிகள் அப்படியே கிடக்கின்றன. மரமும் மெழுகும் கலந்த வாசனை. சாயங்காலம் தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஊர் முக்கில் நின்றதும் நீ இறங்குவதற்கு முன்னால் இறங்கி வருமே, அதே வாசனை. முந்தானை நுனியில் ஒரு கை குச்சி முடிந்து வைத்திருப்பாய். எல்லாம் மருந்து ஏறாத குச்சிகள், தலையில்லாதவை. பெட்டிக்குள் அடைக்க ஆகாது என்று ஒதுக்கியவை. அடுப்புப் பற்ற வைக்க என்று கொண்டு வருவாய். பாதி அடுப்புக்குப் போகும். பாதி எனக்கு.

ஐந்தாம் வகுப்பில் ரோமன் எண் வந்தபோது நான் அழுதது உனக்கு நினைவிருக்கிறதா? நாலும் ஆறும் எனக்கு மாறி மாறிப் போயின. நீயும் ஐந்தாவதுவரை படித்தவள்தான், ஆனால் உன் காலத்துப் புத்தகத்தில் அது இல்லையோ என்னவோ, என் நோட்டை வாங்கித் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தாய். பிறகு சிரித்தாய்.

"ஏட்டி, இது நம்ம குச்சிதானட்டி! இதுக்கா அழுத?"

தரையில் எதிரெதிராக உட்கார்ந்தோம். நான் ஒன்று, ஐந்து, பத்து மட்டும் சொன்னேன். மற்றதை நீயே கண்டுபிடித்தாய். "இடப்பக்கம் வந்து நிக்கவன் எடுத்துட்டுப் போக வந்தவன். வலப்பக்கம் நிக்கவன் குடுக்க வந்தவன். அம்புட்டுத்தான்" என்றாய். அதற்குப் பிறகு எனக்கு நாலும் ஆறும் மாறவே இல்லை.

எட்டில்தான் வம்பு வந்தது. பத்துக்கு இடப்பக்கம் இரண்டு குச்சி நிறுத்தி, IIX என்று வைத்தாய். நானும் அப்படியே வீட்டுப்பாடத்தில் எழுதிக்கொண்டு போனேன். டீச்சர் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டு அனுப்பினார்.

"VIIIன்னுதான் போடணுமாம்மா."

"பத்துல ரெண்டு போனா எட்டு இல்லையாமா உங்க டீச்சருக்கு?"

"எட்டுதான். ஆனா அப்படி எழுதக் கூடாதாம்."

"அதுக்கு அஞ்சு குச்சி ஆகுது. நாலுல முடியுத சோலிக்கு அஞ்சு எதுக்குட்டி?"

நான் எத்தனை முறை திருத்தியும் நீ மாறவில்லை. எட்டு என்றால் உனக்கு நாலு குச்சிதான். நான் எட்டாவது போன பிறகு பெற்றோர் கூட்டத்துக்கு வந்தாயே, வகுப்பு வாசலுக்கு மேலே VIII என்று எழுதியிருந்ததை அண்ணாந்து பார்த்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால், "பாரு, மேல எழுதுனவனும் ஒரு குச்சிய வீணாக்கிட்டான்" என்றாய். எனக்கு மானம் போயிற்று. இன்றைக்கு நினைத்தால் அந்த வாசல்படியிலேயே உன்னோடு நின்றுகொண்டிருக்கலாம் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு நமக்கு எங்கே பார்த்தாலும் எண்தான். கோடையில் நம் புஞ்சை வெடித்துக் கிடக்கும்போது கரிசல் முழுக்க V, X. காய்ந்த பருத்திமார்க் குச்சிகளைப் பிடுங்கிக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டிருந்தால் அங்கே இருபது, முப்பது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடப்பாய். நான் வெடிப்புகளை வாசித்துக்கொண்டே வருவேன். இப்போதும் கனவில் அந்தப் புஞ்சைதான் வருகிறது. நீ குனிந்து குனிந்து குச்சி வைத்துக்கொண்டே போகிறாய். ஒவ்வொரு குச்சியும் ஏர்க்கால் நீளம். நான் பின்னாலேயே வருகிறேன். அது என்ன எண் என்று தெரிய வேண்டுமானால் மேலே ஏறித்தான் பார்க்க வேண்டும். ஏறுவதற்கு அங்கே ஒரு மேடும் இல்லை, மரமும் இல்லை.

அம்மா, இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் உன் தொண்டையில் குழாய் போட்டிருந்தார்கள். பேச்சு இல்லை. வலது கையில் ஊசி. இடது கையால் பேனா பிடித்து எழுத உனக்கு வரவில்லை, கோழி கிறுக்கியதுபோல் இருந்தது. அதனால் நான் குச்சி கொண்டு வந்தேன். என் பரீட்சை அட்டையை உன் மடியில் வைத்தேன். நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க, மணி எத்தனை என்று நர்ஸ் அக்கா கேட்டால் நீ மூன்று குச்சி வைப்பாய். ராத்திரி எத்தனை தடவை முழித்தாய் என்று அப்பா கேட்டால் இரண்டு. மூன்றும் இரண்டும் எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் ஒன்றுதான்.

அன்றைக்கு அப்பா உன் கட்டிலின் கால்மாட்டில் நின்று அழுதார். நானும் அவர் பக்கத்தில்தான் நின்றேன். "புள்ளைய எதுவரைக்கும் படிக்க வைக்கணும்? நீ சொல்லு, அதுபடி செய்யுதேன்" என்று கேட்டார். நீ ரொம்ப நேரம் என்னையே பார்த்தாய். பிறகு நாலு குச்சி எடுத்து ஒவ்வொன்றாக அட்டையில் வைத்தாய். நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் XII.

"பன்னெண்டுப்பா" என்று கத்தினேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

உன் பதினாறாம் நாள் விசேஷமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் அந்த நாலு குச்சிகளையும் அட்டையில் அதேபோல் வைத்துப் பார்த்தேன். எழுந்து சுற்றிப் போய், அன்றைக்கு நீ இருந்த பக்கமாக உட்கார்ந்தேன். அங்கிருந்து அது IIX. உன்னுடைய எட்டு. அப்போது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். அதோடு போதும் என்று சொன்னாயா அம்மா? குச்சிக்குத் தலை இருந்திருந்தால் எது மேல், எது கீழ் என்று தெரிந்திருக்கும். நாம் எதிரெதிரே உட்கார்ந்து விளையாடிய நாட்களில் நீ எந்தப் பக்கமாக வைப்பாய்? உன் பக்கமா, என் பக்கமா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். உன் விரல் ஞாபகம் வருகிறது. வளையல் ஞாபகம் வருகிறது. குச்சி எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்பது மட்டும் வரவில்லை.

இரண்டு வருடமாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்பா உளுந்து போட்டு மழை ஏமாற்றிய வருடமும் என்னை நிறுத்தவில்லை. ஊரில் யார் கேட்டாலும், "அவ சொல்லிட்டுப் போயிருக்கா" என்பார். அப்படி அவர் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

இன்றைக்குப் புதியம்புத்தூர் அத்தை வந்திருக்கிறாள். அப்பாவின் அக்காதான். அவள் கெட்டவள் இல்லை, உனக்கே தெரியும். நீ போன பிறகு எனக்குச் சட்டை தைத்து அனுப்புகிறவள் அவள்தான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஆரம்பித்தாள்.

"பத்தாவது பரீச்ச முடிஞ்சிட்டுல்லா. என்கூடத் தையலுக்கு அனுப்புலே. காஜா எடுக்க, பட்டன் வைக்க ரெண்டு மாசத்துல படிச்சிருவா. எனக்கும் கண்ணு முன்ன மாதிரி இல்ல."

"இல்லக்கா. பன்னெண்டு வரைக்கும்னு அவ சொல்லிட்டுப் போயிருக்கா."

"தொண்டையில குழாய வச்சிருந்தவ எப்படிலே சொன்னா?"

"குச்சி வச்சுக் காட்டுனா. இவதான் வாசிச்சுச் சொன்னா."

அத்தை கையை வட்டிலிலேயே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏட்டி, இங்கன பாரு. உங்கம்மா மேல சத்தியமா அது பன்னெண்டுதானா?"

என் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பு கீழே விழுந்துவிட்டது.

"எதுக்குக்கா புள்ளைய வெரட்டுத?" என்றார் அப்பா.

"வெரட்டல. காலைல ஏழு மணி பஸ்ஸுக்குப் போறேன். அதுக்கு முன்ன சத்தியம் பண்ணட்டும். பண்ணிட்டான்னா நான் இந்தப் பேச்சையே எடுக்கல. பண்ணலன்னா துணிமணிய எடுத்து வைக்கச் சொல்லு."

அப்பா வட்டிலைத் தள்ளி வைத்தார். என்னைப் பார்த்தார். அத்தையைவிட அந்தப் பார்வைக்குத்தான் பயந்தேன். அவருக்கும் எங்கோ ஒரு சந்தேகம் வந்துவிட்டது போலிருந்தது.

எனக்குப் படிக்க வேண்டும் அம்மா. அதனால்தான் உன்மேல் சத்தியம் செய்யப் பயமாக இருக்கிறது. எனக்கு வேண்டியதைத்தான் அன்றைக்கு நான் வாசித்தேனோ?

இப்போது அட்டையைத் தரையில் வைத்திருக்கிறேன். எதிரே நீ உட்காருகிற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். பேசினால் கூடத்தில் படுத்திருக்கிற அத்தைக்குக் கேட்கும். அதனால் உன்னிடம் குச்சியிலேயே சொல்லப் போகிறேன். எனக்கு என்ன வேண்டும் என்று.

வைத்துவிட்டேன். பன்னிரண்டு.

அம்மா.

வைத்துவிட்டு இப்போதுதான் குனிந்து பார்க்கிறேன். என் பக்கம் அது IIX. உன் பக்கம்தான் XII. நான் யோசித்து வைக்கவில்லை. சத்தியமாக யோசிக்கவில்லை. எதிரே நீ இருக்கிறாய், உனக்குச் சொல்கிறேன் என்று நினைத்தேன், கை தானாக உன் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து யாரும் எனக்கு இதைச் சொல்லித் தந்ததில்லை. நீ எதிரே உட்கார்ந்து வைத்ததைப் பார்த்துப் பார்த்து வந்த கை இது.

நீயும் அன்றைக்கு உனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. எங்களுக்குத்தானே சொன்னாய்.

காலையில் நான் சத்தியம் செய்ய மாட்டேன். அப்பாவை எதிரே உட்கார வைத்து, உன் எட்டையும் சொல்லி, ஒன்றையும் மறைக்காமல், இந்த நாலு குச்சிகளையும் அவர் கையிலேயே கொடுத்து, எனக்கு ஒரு பன்னிரண்டு வைத்துக் காட்டுங்கள் என்று கேட்பேன். அவர் கை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அவரே

கதவு தட்டுகிறது. "ஏட்டி, உள்ள வெளக்கு எரியுது. தூங்கலையா? கதவத் தொற." அப்பாதான். குச்சி அட்டையிலேயே