உன் ஸ்லைடுக்கு நீயே சாயம் போட்ட நாள்

இன்று காலை கூரியரில் தெர்மாகோல் பெட்டி வந்தது. டேப்பைக் கிழித்துத் திறந்தேன். ஐஸ் பைகளுக்கு நடுவே சுண்டுவிரல் உயரத்தில் ஒரு குப்பி, அதன் அடியில் தண்ணீர் போல ஒரு திரவம். லேபிளில் டி.டி.டி. என்று மூன்றெழுத்து. வந்த தேதியை எழுதி ஃபிரிட்ஜில் வைப்பதுதான் என் வேலை. வைக்காமல் உள்ளங்கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். நீ இருந்திருந்தால் அதட்டியிருப்பாய். "கைச்சூடு பட்டா கெட்டுப் பூடும்டி. உள்ள வையி."

நீ போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது.

நான் உத்திரமேரூரில் பஸ் ஏறுவேன், நீ மாகறலில் ஏறுவாய். காஞ்சிபுரம் போய்ச் சேர்வதற்குள் இட்லிப் பொட்டலம் பிரித்து, தின்று, கை துடைத்து, உன் மாமியாரைப் பற்றி ஒரு பாட்டம் பேசியும் முடித்திருப்பாய். லேப்பில் உனக்கும் எனக்கும் ஒரே மேஜை. கட்டியிலிருந்து வெட்டி எடுத்த சதையை மெழுகில் பதித்து, அதிலிருந்து மயிரிழையைவிட மெல்லிய தோலாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிச் சாயம் போட்டு டாக்டரம்மாவிடம் கொடுப்பது நம் வேலை. அவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து நோயின் பெயரை எழுதுவார்.

இந்தக் குப்பியில் வருகிற டி.டி.டி. ஆன்டிபாடி முதன்முதலாக வந்தபோது, அது தேடுவது எதை என்று டாக்டரம்மா நமக்குச் சொன்னார். டி.என்.ஏ.வைக் கட்டுகிற என்சைம்களில் ஒன்று அது. மற்றவை பழைய இழையைப் பார்த்துப் பார்த்துப் புதியதை எழுதும். இது எதையும் பார்க்காமல் தன் இஷ்டத்துக்கு எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டே போகும். "அப்ப கொஸ்டின் பேப்பரே பாக்காம பரீட்ச எழுதுதுன்னு சொல்லுங்க மேடம்," என்றாய் நீ. அவர் சிரித்துவிட்டார். வெள்ளை அணுக்களில் ஒரு வகைக்குள், அவை முதிராத பருவத்தில் மட்டும்தான் இந்த என்சைம் இருக்கும், முதிர்ந்தால் மறைந்துவிடும். வளர்ந்த ஆளின் கழுத்துக் கட்டியில் இது கூட்டமாகக் கிடைத்தால், அணுக்கள் முதிராமலேயே பெருகுகின்றன என்று பொருள். ரத்தப் புற்றில் அது ஒரு வகை. ஆன்டிபாடி அந்த என்சைமைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். பிடித்த இடம் கடைசியில் பழுப்பாகவும் மற்ற இடம் நீலமாகவும் தெரியும்.

ஆரம்பத்தில் உனக்கு அது படியவே இல்லை. ஸ்லைடு முழுக்கப் பழுப்பாகிவிடும், இல்லாவிட்டால் ஒன்றுமே வராது. பிரஷர் குக்கரில் ஸ்லைடுகளை வேகவைக்கும் நேரத்தை மாற்றினாய். ஆன்டிபாடியில் கலக்கும் தண்ணீரளவை மாற்றினாய். கடைசியில், கழுவும் முறையில்தான் கோளாறு என்று கண்டுபிடித்தாய். கழுவும் முறையையும் சரியான அளவுகளையும் நோட்டில் எழுதி, அதன் கீழே 'இதை யாரும் மாத்தாதீங்க' என்று சிவப்பு மையில் எழுதி வைத்தாய்.

அந்தக் கோடையில் உனக்கு இருமல் வந்தது. குக்கர் ஆவிதான் ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் மூச்சு வாங்கும். காரை எலும்புக்கு மேலே விரலை வைத்து அழுத்திக்கொண்டே பேசுவாய். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தினமும் கட்டிகளோடு புழங்குகிற எனக்கு, பக்கத்து சீட்டில் இருப்பது என்ன என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டபோது கட்டி நெல்லிக்காய் அளவு வந்திருந்தது. ஸ்கேனில் நெஞ்சுக்குள்ளும் கட்டி தெரிந்தது.

கழுத்துக் கட்டியில் எடுத்த துண்டு நம் லேப்புக்கே வந்தது. டாக்டரம்மா உன்னை வீட்டுக்குப் போகச் சொன்னார். நீ ஏப்ரனை மாட்டிக்கொண்டாய்.

"என் ஸ்லைடு நான்தான் போடுவேன் மேடம். இவ கைய பாருங்க, எப்டி ஆடுதுன்னு. இவகிட்ட குடுத்தா கெடுத்துடுவா."

கைகளை மேஜைக்கடியில் இழுத்துக்கொண்டேன்.

ஆன்டிபாடியைச் சொட்டிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். உன் வாழ்க்கையின் அந்த ஒரு மணி நேரத்தை நீ ரேக்கைத் துடைப்பதில் செலவழித்தாய். என்ன சொல்லலாம் என்று யோசித்து யோசித்தே நேரம் போய்விட்டது. டைமர் அடித்தது. கழுவினாய். கடைசிச் சாயத்தைச் சொட்டினாய். மைக்ராஸ்கோப்புக்குப் போகும் முன்பே, ஸ்லைடை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோதே தெரிந்துவிட்டது. கண்ணாடியின் நடுவில் பாக்குத்தூள் தூவியது போல ஒரு கறை.

அப்போதும் நீ முறை தவறவில்லை. ஸ்லைடின் ஓரத்தில் எப்போதும் கன்ட்ரோல் என்று ஒரு துண்டு இருக்கும். பழுப்பு வந்தே தீரும் என்று நமக்குத் தெரிந்த திசு. அது சரியாக வந்தால்தான் பக்கத்தில் இருப்பதை நம்பலாம். முதலில் அதைப் பார்த்தாய். பிறகு ஸ்லைடை நகர்த்தி உன்னுடையதைப் பார்த்தாய். வெகு நேரம் பார்த்தாய். நாற்காலியைப் பின்னால் தள்ளி, "நீ பாரு," என்றாய்.

குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு அணுவின் நடுவிலும் பழுப்பு.

"டாக்டரம்மா பாக்கட்டும்டி," என்றேன்.

"அவங்க பாப்பாங்க. நீ சொல்லு. நல்லா வந்துகீது இல்ல? பேக்ரவுண்டே இல்ல பாரு, வேணாத எடத்துல ஒரு கறகூட இல்ல."

உன் முகத்தில் பெருமை இருந்தது. சத்தியமாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

சென்னையில் சிகிச்சை நடந்தது. முடி கொட்டியது. முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள். கட்டி கரைந்தது. அறுப்புக்குப் பின் துளிர்க்கிற பயிர் போலத் தலையில் முடி வந்தபோது நீ மாகறலுக்குத் திரும்பினாய். அடுத்த மாதம் வேலைக்கு வருவதாக போனில் சொன்னாய். உன் ஏப்ரனைத் துவைத்து, இஸ்திரி போட்டு மாட்டி வைத்தேன்.

அப்புறம் காய்ச்சல் வந்தது. இடுப்பெலும்பு மஜ்ஜையில் எடுத்த துண்டு நம் லேப்புக்கு வந்தது. இந்த முறை நான்தான் போட வேண்டியிருந்தது.

இதுவரை யாரிடமும் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். முதல் ஸ்லைடில் பழுப்பு வந்தது. கழுவியது போதவில்லை என்று சொல்லிக்கொண்டு இரண்டாவது போட்டேன். அதிலும் வந்தது. மூன்றாவதிலும் வந்தது. நான்காவதற்கு, நீ சிவப்பு மையில் எழுதியதைத் தாண்டி, ஆன்டிபாடியில் பல மடங்கு தண்ணீர் கலந்தேன். பார்த்தேன். நீலம், வெறும் நீலம். ஒரு துளிப் பழுப்பு இல்லை. ஒரு நிமிஷம் நீ பிழைத்துவிட்டாய். ஸ்லைடை மெதுவாக நகர்த்தி ஓரத்துக்குப் போனேன். கன்ட்ரோலும் நீலமாகத்தான் இருந்தது.

ஐந்தாவது ஸ்லைடை எடுத்தபோது டாக்டரம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். "போதும்மா. இருக்கறதே துளியூண்டு. மொத்தத்தையும் சீவிடாத."

அன்று மாலையே நீ போன் செய்தாய். "இன்னாடி வந்துது?"

"கன்ட்ரோல் சரியா வரல. திரும்பப் போடணும்."

"எத்தினி தபா போட்ட?"

"நாலு."

"நாலுலயும் கன்ட்ரோல் வர்லியா?"

போனை மறு காதுக்கு மாற்றினேன். உன் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "சரி, வுடு. நீ சாப்ட்டியா?" என்றாய்.

செய்யாற்றில் தண்ணீர் வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை, உன்னைப் பார்க்க வந்தேன். உன் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். "காலைலேர்ந்து உன்னத்தாம்மா கேட்டுக்கினு கீறா," என்றார். உள்ளே நீ இரண்டு போர்வைக்குள் இருந்தாய். பாதம் சில்லிட்டிருந்தது. தேய்த்துவிட்டேன். சூடு ஏறவே இல்லை.

"நாம எத்தினி பேருக்கு டி.டி.டி. போட்டுருப்போம்?" என்று கேட்டாய்.

"கணக்கு வெச்சதில்லடி."

"அவங்கல்லாம் அப்புறம் இன்னா ஆனாங்கன்னு நாம ஒரு தபாகூட கேட்டதில்ல பாரு. நம்பர எழுதி அனுப்பிட்டு டீ குடிக்கப் பூடுவோம்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாய். "நான் ஜன்னலாண்ட புடிச்சுப் பாத்தப்ப நீ பக்கத்துல இருந்த இல்ல. அவங்களுக்கு யாரு இருந்துருப்பாங்க?"

வியாழக்கிழமை உன் வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தது.

அவர்கள் பக்கத்தில் யார் இருந்திருப்பார்கள் என்று நீ கேட்டதை இன்றும் தேடுகிறேன். பழைய பதிவேட்டைப் புரட்டினால் எண்கள்தான் இருக்கின்றன. சாயம் போடுகிறேன், பழுப்பு வருகிறது, கொடுக்கிறேன். வராமல் இருக்க நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை என்பது தெரிந்துவிட்டது.

போன வாரம் மானாம்பதியிலிருந்து ஒரு பெரியவர் வந்து கவுன்டரில் நின்றார். மகளுடைய ரிப்போர்ட். அந்தப் பெண்ணின் ஸ்லைடை நான்தான் போட்டிருந்தேன். அவர் கையில் ஈரக்குடை சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா வந்துகீதும்மா?" என்றார்.

"டாக்டரம்மா சொல்லுவாங்கய்யா. இப்ப வந்துடுவாங்க, உக்காருங்க."

வழக்கமாக அதோடு உள்ளே போய்விடுவேன். அன்று போகவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"உனுக்கு வேல இல்லியாம்மா?"

"இல்லைங்கய்யா," என்றேன்.

மகள் டீச்சர் டிரெய்னிங் படிப்பதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். கேட்டுக்கொண்டிருந்தேன்.