கல்யாணத்துக்குப் போட்ட பீர்

ஜூலை 8

குளியலறையில் இனி நிற்க இடமில்லை. துணி ஊறவைக்கும் பெரிய தொட்டியில் தண்ணீர். அதற்குள் பீர் வாளி. வாளியைச் சுற்றிச் செங்யூவின் பழைய பனியன். எதிரே மேசை விசிறி. பனியனின் நுனி தண்ணீரில் கிடந்து ஈரத்தை மேலே இழுக்கிறது, விசிறி அதைக் காயவைத்துக்கொண்டே இருக்கிறது. தைவானில், இந்தத் தைனான் நகரத்து வெயிலுக்கு எங்களால் முடிந்தது இதுதான். செப்டம்பரில் அக்கா கல்யாண விருந்துக்கு இந்த பீர். மாப்பிள்ளை செங்யூவே வந்து காய்ச்சினான். கிளம்பும்போது, "முதல் ரெண்டு மூணு நாள்தான் கண்டம், மச்சான். ஈஸ்ட் நொதிக்கிறப்ப தானாவே சூடேறும், சூடு கூடினா பீர் கெட்டுடும். தொட்டித் தண்ணியில ஐஸ் பாட்டிலை மாத்திக்கிட்டே இரு" என்றான்.

ஜூலை 9

பீர் கொப்பளிக்கிறது. பத்தொன்பது டிகிரி. பேஷ்.

ஜூலை 10

அம்மா போன் செய்தாள். கல்யாணம் வேண்டாமென்று அக்கா சொல்லிவிட்டாளாம். காரணம் சொல்லவில்லையாம். மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாச்சு, பெரியப்பாவிடம் சொல்லியாச்சு... அக்கா போனை எடுக்கவில்லை. செங்யூவும் எடுக்கவில்லை.

வாளி அதுபாட்டுக்குக் கொப்பளித்துக்கொண்டிருக்கிறது. இதை என்ன செய்ய?

ஜூலை 11

காலையில் பாட்டிலை மாற்றவில்லை. தானாகக் கெட்டுப்போனால் என் பொறுப்பு இல்லை அல்லவா? சாயங்காலம் இருபத்தாறு டிகிரி. மனசு கேட்கவில்லை, ஃப்ரீசரில் இருந்த எல்லாவற்றையும் போட்டேன். யாருக்காகப் போட்டேன்? தெரியல.

ஜூலை 12

செங்யூ ஸ்கூட்டரில் வந்தான், அவர்கள் மீன் கடை ஐஸ் பெட்டியோடு. உள்ளே உறைந்த பாட்டில்கள். "உன் ஃப்ரீசர் பத்தாதுன்னு தெரியும்" என்றான். வாசலிலேயே நின்றான். உள்ளே விடலாமா? அக்காவுக்குத் துரோகமா? வழி விட்டு நகர்ந்தேன்.

பனியனை நனைத்துப் போர்த்தினான்.

"என்னடா ஆச்சு உங்களுக்குள்ள?"

"உங்க அக்காகிட்டயே கேளு."

மச்சான் என்று கூப்பிடவில்லை. இப்ப இவன் எனக்கு யாரு?

ஜூலை 13

எப்படித்தான் தெரிந்ததோ, அம்மா பிடித்துக்கொண்டாள். "அவனை வீட்டுக்குள்ள விட்டியாமே. உனக்குச் சூடு சொரணை இருக்கா?"

பிறகு அக்கா போன் செய்தாள்.

"கெட்டுப்போச்சா?"

"எது?"

"பீர்தான்."

"இல்ல."

"சரி." வைத்துவிட்டாள்.

ஜூலை 16

ரயிலை டிப்போவில் விட்டுவிட்டுச் சீருடையோடே அக்கா வந்தாள். குளியலறை வாசலில் சாய்ந்துகொண்டு பேசினாள்.

"கல்யாணம் ஆனதும் நான் ரயில் ஓட்டுறதை விட்டுட்டு மீன் கடைக் கல்லாவுல உட்காருவேன்னு செங்யூவோட அப்பா சந்தை பூரா சொல்லியிருக்காரு. இறால் விக்கிற அம்மா எனக்கு வாழ்த்து சொல்றாங்கடா. இவன் பக்கத்துலயே நின்னு தலையாட்டியிருக்கான்."

"அப்போ முடிஞ்சுதா?"

"தெரியல." குனிந்து, உருகிய பாட்டிலை எடுத்துவிட்டு வேறு போட்டாள். "வேற எதுலயும் அவன் மேல குறை இல்ல."

இதற்கு என்ன அர்த்தம்?

ஜூலை 23

செங்யூவும் நானும் பீரைப் பாட்டிலில் அடைத்தோம். அக்கா சொன்னதைச் சொன்னேன்.

"நான் ஆமான்னு சொல்லலடா. அப்பா பேசுறப்ப குறுக்க பேசல, அவ்வளவுதான்."

"அதத்தான்டா அவ சொல்றா."

மூடி அடிப்பதை நிறுத்திவிட்டான்.

ஆகஸ்ட் 7

ஒரு பாட்டில் திறந்தேன். லேசாக வாழைப்பழ வாசனை. சூடேறவிட்ட அந்த ஒரு நாளின் வேலை. ஆனாலும் குடிக்கலாம்.

ஆகஸ்ட் 14

சந்தைக்குப் போனேன். செங்யூ கடைத் தூணில் சீன எழுத்தில் ஓர் அட்டை: "கல்லாவுக்கு ஆள் தேவை." அவன் கையெழுத்து. அவன் அப்பா யார் முகத்தையும் பார்க்காமல் மீன் செதில் சுரண்டிக்கொண்டிருந்தார். அட்டைக்கு முன்னால் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

"இந்த எழுத்துல ஒரு கோடு விட்டுப்போச்சு" என்றாள்.

செங்யூ ஈரக்கையைத் துடைத்துவிட்டுப் பேனாவை நீட்டினான். அக்கா வாங்கி, அந்தக் கோட்டைப் போட்டாள்.