டிராக்டர் பேட்டரிக்குப் பிடித்த குடை

ஏட்டி,

இன்று காலை நம் குஞ்சு பொரிக்கும் பெட்டிக்குப் புது இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் வந்தன. ராஜபாளையத்திலிருந்து வந்த மெக்கானிக் அண்ணன் எல்லாவற்றையும் மாட்டி முடித்துவிட்டு, “இந்த பேட்டரிக்குத் தண்ணியே ஊத்த வேண்டாம்மா” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கண் கலங்கிவிட்டது. இதைச் சொல்ல நீ இல்லையே.

அந்த மழை நாள் நினைவுக்கு வந்தது. நாம் இருவரும் சேர்ந்து பெட்டி வாங்கிய பிறகு முட்டை அடுக்கிய மூன்றாவது ஈடு அது. முட்டைகளுக்கு இருபதாம் நாள். ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சுகள் கத்துவதைக் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம். காலை எட்டு மணிக்கு நம் ஊர் கான்சாபுரம் முழுவதும் கரண்ட் போனது. எங்கேயோ கம்பம் சாய்ந்துவிட்டதாம், மத்தியானம் ஆகும் என்றார்கள். ஐந்து மணி நேரம் தாங்க வேண்டிய இன்வெர்ட்டர் அரை மணி நேரத்தில் கத்தி ஓய்ந்தது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ பேட்டரி மூடியைத் திறந்து பார்த்தாய். அதைத் திரும்பத் திருகி வைத்தாய். பெட்டியின் மேல் போர்வைகளைப் போட்டு மூடினாய். “எந்திரிட்டி, குடைய எடு” என்றாய்.

உன் சித்தப்பா வீட்டு வாசலில் டிராக்டர் நனைந்துகொண்டு நின்றது.

“சித்தப்பா, அந்த பேட்டரியக் கழட்டித் தாங்க.”

“வண்டி நின்னு போகுமே, தாயி!”

“இந்த மழையில என்னத்த உழப் போறீக?”

அவர் உள்ளே போய் ஸ்பேனரை எடுத்து வந்தார். சைக்கிள் கேரியரில் பேட்டரியை வைத்துக் கட்டி நீ தள்ளினாய். நான் குடை பிடித்தேன், உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை, பேட்டரிக்கு. தெருவே நம்மைப் பார்த்துச் சிரித்தது. நீயும் சிரித்தாய்.

பெட்டிக்குள் விசிறி மறுபடி சுற்றியதும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாய். கரண்ட் வரும்வரை அந்த பேட்டரி தாங்கியது. சில முட்டைகள் பொரியவே இல்லை. மறுநாள் பாதிக்கு மேல் பொரிந்தன. ஈரத்தோடு தள்ளாடி எழுந்த முதல் குஞ்சைப் பார்த்து நீதான் முதலில் அழுதாய்.

இன்வெர்ட்டர் பேட்டரி ஏன் கைவிட்டது என்று உன் வீட்டுக்காரர் கேட்டபோது, “பழசாயிருச்சு” என்று முடித்துவிட்டாய். மாதாமாதம் அதற்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. நான் மறந்திருந்தேன். பத்து நாள் பொறுத்துப் பார்த்து, முடியாமல் உன்னிடம் ஒப்புக்கொண்டேன்.

“தெரியும்ட்டி. மூடியத் தொறந்தப்பவே பாத்தேன். உள்ள வறண்டு கெடந்துச்சு.”

“பொறவு ஏன் ஒரு வார்த்த கேக்கல?”

“ஒங்க அம்மாவ ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில போட்டுக்கிட்டு நீ அலைஞ்ச மாசம் அது. அம்புட்டு அலைச்சல்ல பேட்டரி ஞாபகம் எங்கிட்டு வரும்? நானாவது ஊத்திருக்கணும்.”

நான் தேடிக்கொண்டிருந்த மன்னிப்பைக் கொடுக்காமல், தப்பில் பாதியை எடுத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு யார் மீதும் சட்டென்று கோபப்பட எனக்கு வருவதில்லை. வேலைக்கு வருகிறவர்கள் தீவனம் சிந்தினாலும், கூண்டைத் திறந்து போட்டாலும், வீட்டில் என்ன கஷ்டமோ என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது.

போன ஐப்பசியில் நெஞ்சு வலிக்கிறது என்று ஆட்டோவில் ஏறினாய். “செத்த நேரத்துல வாரேன், குஞ்சுகளப் பாத்துக்கோ” என்றாய். பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கிளம்பும் முன் மெக்கானிக் வாரன்டி அட்டையை எடுத்து, யார் பெயரில் எழுத வேண்டும் என்று கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். அடுத்து என் பெயரையும் சொன்னேன்.

“ரெண்டு பேருக்கு இதுல எடமில்லையேம்மா.”

“நுணுக்கி எழுதுங்கண்ணே” என்றேன்.