சுவருக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள உங்களுக்கு,

நான் சுகம். கப்பலில் உங்கள் முதுகுவலி குறைந்ததா?

பக்கத்து வீட்டுக்காரர் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாக இருக்கிறார். நீங்கள் கோபப்படுவீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். சாப்பாடு ஊட்டுவதும் படுக்கை மாற்றுவதும் நான்தான். நடுச்சுவர் வழக்கின்போது அவர் நம்மைப் பேசிய பேச்சை நானும் மறக்கவில்லை. ஆனால் நம்முடையது மூலை வீடு. அயலானை நேசி என்று இயேசு சொன்னதற்கு, நமக்கு வேறு அயலான் இல்லையே.

முதல் நாள், "உன்னை யாரு கூப்பிட்டா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"யாரும் கூப்பிடல. வாயைத் திறங்க" என்றேன்.

திறந்தார். உப்பு போதவில்லை என்று குறை வேறு.

நேற்று முகம் துடைத்துவிடும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி எப்ப வரான்?" என்று கேட்டார். வழக்குக்குப் பிறகு உங்களைத் தம்பி என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. நீங்களும் கூடப்பிறந்தவரை அண்ணன் என்று சொன்னதில்லை.

"எழுதிக் கேக்கறேன்" என்றேன்.

ஊருக்கு வந்ததும் முதலில் எந்த வீட்டுக்குப் போவீர்கள் என்று நான் கேட்கமாட்டேன். இரண்டு வீட்டுச் சாவியும் இப்போது என்னிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி